ஊதாக்கொடியும் என் கண்ணும்

கல்யாணமாகி நான் செங்கல்பட்டுக்கு வந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். அவர் பள்ளிக்கூட வாத்தியார். ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு ஓட்டு வீட்டின் பின்கட்டில் எங்கள் குடித்தனம். கேட்டுக்கு அந்தப் பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸ். அதையும் தாண்டினால் மாடு வைத்திருந்த ஒருவர் வீடு. அங்கேதான் நான் பால் வாங்குவேன். எங்கள் தெருவிலேயே பால் கிடைத்தது, அதுவும் நல்ல பால்தான். ஆனாலும் சாயங்காலம் ஆனால் தூக்கை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடப்பேன். காரணம், பூ.

இதை யாரிடமும் சொல்ல முடியாது. ஒரு பெண்பிள்ளை தெருவில் நடந்தால் அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும். பூ பார்க்கப் போகிறேன் என்றால் பறிக்கத்தான் போகிறாள் என்பார்கள். பறிக்கவும் மாட்டேன், சும்மா பார்த்துவிட்டு வருவேன் என்றால் இவளுக்கு மரை கழன்றுவிட்டது என்பார்கள். அதனால்தான் அந்தத் தூக்கு. அது கையில் இருக்கும் வரைக்கும் நான் குடும்பப் பெண்.

பங்குனி பிறந்துவிட்டால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஆஸ்பத்திரி மதில் ஓரம் புங்க மரங்கள் பொரி இறைத்த மாதிரி பூவைக் கொட்டும். டாக்டர் வீட்டு வாசலில் ரங்கூன் மல்லி சாயங்காலம் வெள்ளையாக விரிந்து காலையில் சிவந்து நிற்கும். ஆபீஸ் தெருவில் கொன்றை. இவற்றையெல்லாம் சுற்றிக்கொண்டு கடைசியில் போய் நிற்கும் இடம் கார்டு வீடு.

அந்த வீட்டுக்காரர் கூட்ஸ் வண்டியில் கார்டு. அதனால் அவர் மனைவி குவார்ட்டர்ஸ் முழுக்க கார்டம்மா. நல்ல உயரம், நெற்றியில் பெரிய பொட்டு, குரல் மூன்று வீடு கேட்கும். அவர்கள் வாசலில் இரும்புக் குழாய் நட்டு ஒரு பந்தல். அதில் ஏறி ஓட்டுக் கூரை வரைக்கும் போயிருந்தது ஒரு கொடி. யாரோ ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயரின் மனைவி வைத்துவிட்டுப் போனதாம். பேர் யாருக்கும் தெரியாது. ஊதாக்கொடி என்று நானே வைத்துக்கொண்டேன்.

இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். வருஷம் முழுக்க அதைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. பங்குனியில் திடீரென்று இலையே தெரியாமல் முழ நீளத்துக்குச் சரம் சரமாகத் தொங்கும். வெளியே ஐந்து இதழ் வெளிர் நீலத்தில், அதற்கு நடுவே சின்னதாக, அடர்ந்த ஊதாவில் இன்னொரு பூ. காற்று வந்தால் மொத்தப் பந்தலும் ஒரு பக்கமாக அசைந்து கொடுக்கும். ரயில் கரி படிந்த அந்த வரிசையில் அப்படி ஒரு நிறம் எப்படி வந்தது என்று நான் தினமும் ஆச்சரியப்படுவேன். வாசனை மட்டும் கிடையாது. வாசனை இல்லாத பூவை நம் ஊரில் யார் மதிக்கிறார்கள்? தலையில் வைப்பதில்லை, சாமிக்குப் போடுவதில்லை. குவார்ட்டர்ஸில் ஒருத்தரும் அதைத் திரும்பிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

திரும்பிப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதுதான் வம்பாகப் போயிற்று.

எனக்கு ஏற்கெனவே கொஞ்சம் பேர் உண்டு. மதுராந்தகத்தில் சின்னப் பெண்ணாக இருந்தபோது சித்தி வீட்டு அவரைப் பந்தலைப் பார்த்து "எவ்ளோ காய்!" என்று வாயைப் பிளந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அடித்த காற்றில் பந்தல் படுத்துவிட்டது. காற்றை ஒருவரும் திட்டவில்லை. கொள்ளிக்கண்ணி என்று வேடிக்கையாகத்தான் கூப்பிட்டார்கள், ஆனால் அதற்குப் பிறகு சித்தி என் முன்னால் கைக்குழந்தைக்குச் சட்டை போட்டுவிட மாட்டாள். எதைப் பார்த்தாலும் வாயை மூடிக்கொண்டு பார் என்று அம்மா சொல்லிக் கொடுத்தாள். அதைத்தான் கார்டு வீட்டு வாசலிலும் செய்துகொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு, கண்ணை அகல விரித்துக்கொண்டு. நினைத்துப் பார்த்தால் அது இன்னும் மோசம்.

வந்த இரண்டாவது பங்குனியோ மூன்றாவதோ, ஒரு நாள் நான் நின்றுகொண்டிருந்தபோது கார்டம்மா முறத்தோடு வெளியே வந்தாள். அப்போதுதான் வெயில் சாய்ந்து சரங்களுக்குள் புகுந்திருந்தது. என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"அக்கா, இன்னா அழகா கீது உங்க கொடி! ஊருக்குள்ள எங்கியும் இப்டி ஒண்ணு இல்ல!"

துப்பவில்லை, "என் கண்ணே பட்டுடும்" என்று சொல்லி நெற்றியில் விரலை வைத்து நெட்டி முறிக்கவில்லை. ஒரு சடங்கும் செய்யாமல் பச்சையாகப் புகழ்ந்துவிட்டேன். கார்டம்மா என்னைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள், "ஆமாமா" என்று முறத்தோடு உள்ளே போய்விட்டாள்.

சில நாள் கழித்துப் போனபோது வாசல் முழுக்க ஊதா. நடுவில் இருக்கும் அந்தச் சின்னப் பூக்கள் மொத்தமாகக் கொட்டியிருந்தன. கொடியில் வெளிறிய நீலம் மட்டும் மிச்சம். அந்தக் கொடியின் வழக்கமே அதுதான். உள்பூ சீக்கிரம் உதிர்ந்துவிடும், வெளிப்பூ நின்று வெளுக்கும். இது எனக்கு அப்போது தெரியாது. வருஷா வருஷம் பெருக்கித் தள்ளிய கார்டம்மாவுக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அவள் அதுவரைக்கும் அதைப் பார்த்ததே இல்லை. நான் புகழ்ந்த பிறகுதான் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

துடைப்பத்தோடு நின்றவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் நிற்காமல் நடந்தேன். நாலு வீடு தாண்டியதும் ஏதோ உறுத்தித் திரும்பிப் பார்த்தேன். கார்டம்மா தெருவில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள். மணலில் பதிந்திருந்த என் கால் தடத்திலிருந்து விரலால் மண்ணைக் கிள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவளும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கை நிற்கவில்லை. அடுத்த தடத்திலும் ஒரு கிள்ளு எடுத்தாள்.

கண்ணு வைத்தவளின் காலடி மண், மிளகாய், உப்பு. மூன்றையும் சுற்றி நெருப்பில் போட வேண்டும். நெடி ஏறி எல்லோரும் இருமினால் திருஷ்டி இல்லை. மிளகாய் நெடியே இல்லாமல் எரிந்தால் திருஷ்டி உண்டு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்வோம். எத்தனை பேர் காலடி மண்ணை நானே எடுத்து வந்து அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன்! அந்த மண்ணுக்குச் சொந்தக்காரிக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தெரு நடுவில் துணி அவிழ்ந்துவிட்டதுபோல் இருந்தது.

பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது வேறு வழி இல்லை, கார்டு வீட்டைத் தாண்டித்தான் கேட்டுக்கு வர வேண்டும். ஓட்டமும் நடையுமாகத் தாண்டி வந்தால் கேட் மூடியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். கார்டு வீட்டு வாசலில் இரும்புச் சட்டியில் நெருப்பு. கார்டம்மா கொடியை நோக்கிக் கையைச் சுற்றினாள், சட்டியில் போட்டாள்.

நான் மூக்கைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். நெடி வரட்டும், எல்லோரும் இருமட்டும், தெருவே தும்மட்டும். கடல் காற்று அந்த நேரத்துக்குத்தான் ஊருக்குள் வரும், அதுவும் என் பக்கமாகத்தான் அடித்தது. அப்போது பார்த்து வந்தது ஒரு கூட்ஸ் வண்டி. இன்ஜின் தள்ளிய கரிப்புகை மொத்தமும் கேட்டில் காத்திருந்த எங்கள் மேல். நான் இருமினேன். கண்ணில் தண்ணீர் வர இருமினேன். மிளகாய்க்கு இருமினேனா கரிக்கு இருமினேனா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

கார்டம்மாவுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் கேட் பக்கத்துக் குழாயடியில் அவள் குரல் இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

"நெடின்னு ஒண்ணு இல்லம்மா! ஒரு பிடி மொளகா, கம்முனு எரிஞ்சுபூட்ச்சு. அப்டி ஒரு கண்ணு!"

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். வாத்தியார் சிரிப்பு, தப்பாகக் கணக்குப் போட்ட பையனைப் பார்த்துச் சிரிப்பது. "பூன்னா கொட்டத்தான் செய்யும். நீ பாத்தா இன்னா, பாக்காட்டி இன்னா?" என்றார். அது நியாயம்தான். ஆனால் என் அவமானம் அவருக்குப் புரியவில்லை. ஊர் என்னைச் சொல்கிறதே என்பது பாதிதான். ஒருவேளை அது உண்மையாக இருக்குமோ என்று எனக்குள்ளேயே ஒரு ஓரத்தில் தோன்றியதுதான் மீதி. அவரைப் பந்தலும் என்னால் விழுந்ததோ? எதை ஆசையாகப் பார்த்தாலும் அது கெட்டுப்போகும் என்றால் நான் எதைத்தான் பார்ப்பது?

பால் வாங்குவதை எங்கள் தெருவோடு நிறுத்திக்கொண்டேன். கோயிலுக்கோ கடைக்கோ போனாலும் குனிந்த தலை நிமிர மாட்டேன். என்ன அடக்கமான பெண் என்று அக்கம்பக்கத்தில் பேர் கிடைத்தது. அந்த வருஷச் சித்திரையை நான் தரையில்தான் பார்த்தேன். காலடியில் மஞ்சள் கிடந்தால் மேலே கொன்றை பூத்திருக்கிறது. வாடிய சிவப்புக் கிடந்தால் டாக்டர் வீடு வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் யாராவது ஜன்னலிலிருந்து பார்த்து மண் எடுப்பார்களோ என்று பயம்.

அவருக்கு ஒரு கட்டத்தில் பொறுக்கவில்லை போலிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கெளம்பு, மகாபலிபுரம் போலாம். அங்க எல்லாம் கல்லு. எவ்ளோ வேணும்னாலும் பாரு, ஒண்ணும் ஆவாது" என்றார். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போனோம். யானை, மான், முனிவர் எல்லாம் செதுக்கிய அந்தப் பெரிய பாறை முன்னால் போய் நின்றேன். கல்தானே என்று தைரியமாகத் தலையை நிமிர்த்தினேன். அதற்கு நடுவில் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு பிளவு.

நான் திடுக்கிட்டு அவரைப் பார்த்தேன். அவர் முகத்தை ரொம்ப நிதானமாக வைத்துக்கொண்டு, "இது நீ வர்றதுக்கு முன்னாடியே" என்றார்.

சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன், அப்புறம் அங்கேயே அந்த யானை முன்னால் அழுதும் விட்டேன். அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நல்ல மனுஷன்.

அடுத்த பங்குனி வந்தது. ஒரு நாள் மத்தியானம் வாசலில் அந்தக் குரல்.

"வாத்தியாரம்மா, கீறியா?"

கார்டம்மா நின்றிருந்தாள். பட்டுப் புடவை. கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ஒரு பந்து மல்லி. அவள் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருப்பது எனக்குத் தெரியும். வளைகாப்புக்கு அழைக்க வந்திருக்கிறாள் என்று நினைத்ததும் என் நெஞ்சு துள்ளியது. என்னை, அந்த வீட்டு வளைகாப்புக்கு! எல்லாம் தீர்ந்தது. ஓடிப் போய்ப் பாயைத் தட்டிப் போட்டேன். குங்குமம் வைத்துவிட்டாள், பூவைக் கையில் கொடுத்தாள். காபி போடுகிறேன் என்று எழுந்தவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஒரு ஒத்தாச செய்யணும் நீ. அந்தக் கொடி கீதே, அது கூர ஓட்டயெல்லாம் நெம்பிப்போட்டுட்ச்சு. மழ வந்தா உள்ள ஒயுவுது. கட்டட இன்ஸ்பெக்டரு வந்து பாத்துட்டு, நீங்க வெட்டுறீங்களா, நாங்க ஆள வுட்டு வெட்டட்டுமானு கேக்குறாரு. வயித்துப்புள்ளக்காரி கீற வூட்ல பூத்துகினு கீற பச்சக்கொடிய வெட்டலாமா? நீயே சொல்லு."

"வெட்டக்கூடாதுதான் அக்கா" என்றேன். எங்கள் பக்கத்திலும் அப்படித்தான்.

"அதாம்மா. தானா காஞ்சிபூட்ச்சுன்னா நம்ப மேல பாவமில்ல பாரு." கொஞ்சம் தயங்கினாள். "போன வருசம் வந்து பாத்தியே, அதே மாரி ஒரு தபா வந்து பாத்துட்டுப் போயேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அந்தத் தாம்பாளம் வளைகாப்புக்கு அல்ல, இதற்குத்தான் என்று புரிந்தபோது காது இரண்டும் சுட்டது. கையில் அவள் கொடுத்த மல்லி இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் முகத்தில் கேலி இல்லை, கோபம் இல்லை. ஊரில் நல்ல கிணற்றுக்காரரிடம் ஒரு குடம் தண்ணீர் கேட்கிற மாதிரி அவ்வளவு மரியாதையாகக் கேட்டாள்.

முடியாது, எழுந்து போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் "சரிக்கா" என்றது. ஏன் என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷமாக நான் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் போனேன். தூக்கு இல்லாமல் வெறுங்கையோடு அந்தத் தெருவில் நடந்தது அன்றுதான் முதல் தடவை. பந்தலுக்கு எதிரே எனக்கு முக்காலி போட்டிருந்தார்கள். எதிர் வீட்டுக்காரி தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கார்டு வீட்டின் உள் அறைக் கதவு தாழ் போட்டிருந்தது. அதற்குப் பின்னால் கண்ணாடி வளையல் சத்தம். மகளை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். என் கண் கொடிக்கு வேண்டும், பெண்ணுக்கு வேண்டாம்.

நிமிர்ந்தேன்.

போன வருஷத்தைவிட அதிகமாகப் பூத்திருந்தது. கூரை, பந்தல், தூண் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு சரமாகப் பார்த்தேன், நுனியில் மொட்டு, நடுவில் விரிந்தது, மேலே வெளுத்தது. தேனீ ஒன்று உள்ளே போய்ப் பின்பக்கமாக வெளியே வந்தது. யாருக்கும் பயப்படாமல், பால் நேரமாயிற்று என்று பொய் சொல்லாமல், உட்கார்ந்து பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு கேவலத்துக்கு நடுவிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதுவே இன்னொரு கேவலமாகவும் இருந்தது.

கார்டம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூவைப் பார்க்கவில்லை, என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்து கொதிக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. காபி கொடுத்தாள். நான் எழுந்தபோது, "வாயால ஒரு வார்த்த சொல்லிட்டுப் போம்மா, போன தபா சொன்ன மாரி" என்றாள்.

"இன்னா அழகா கீது உங்க கொடி" என்றேன்.

"போதும், போதும்" என்றாள் திருப்தியாக.

கொடி காயவில்லை. உள்பூ உதிர்ந்தது, அதைப் பார்த்து அவள் நம்பிக்கையோடு இருந்தாள். ஆனால் பின்னாலேயே புதுச் சரங்கள் விட்டன. இப்போது நான் மறுபடியும் அந்தப் பக்கமே பால் வாங்கப் போக ஆரம்பித்திருந்தேன். தினமும் நின்று பார்ப்பேன், கார்டம்மாவே நிற்கச் சொல்வாள். புதிதாக ஒரு சரம் விரிந்திருந்தால் எனக்குச் சாட்சி சொல்ல ஒரு ஆள் வந்த மாதிரி இருக்கும். பூத்துக்கோடி, நன்றாகப் பூத்துக்கோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நடப்பேன்.

பிறகு ஒரு சாயங்காலம் கேட்டைத் தாண்டும்போதே வெட்டுகிற சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் அனுப்பிய ஆட்கள் ஏணி போட்டுக் கூரைமேல் ஏறியிருந்தார்கள். கீழே ஒருவன் அரிவாளால் தண்டைக் கொத்திக்கொண்டிருந்தான். சரங்கள் அப்படியே கொத்தாகத் தரையில் வந்து விழுந்தன. கார்டம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பாவி நானு, உன்னப் போயி சொன்னேனே! எத்தினி நாளு நின்னு பாத்த, ஒரு எல வாடலியே! உன் கண்ணுல ஒண்ணும் இல்லம்மா. ஒண்ணுமே இல்ல!"

தெருவே கேட்கச் சொன்னாள். கேட்டதும் எனக்கு உள்ளே என்னவோ குளிர்ந்தது. அப்பாடா என்று இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் அரிவாள் விழுந்துகொண்டே இருந்தது, நான் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மூச்சுதான். அடுத்த மூச்சில் எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. அது பட்டுப்போயிருந்தால் நான் கெட்டவள். பட்டுப்போகாமல் பூத்ததால் அதற்கு அரிவாள். அதில் நான் குளிர்ந்து போய் நிற்கிறேன்.

கார்டம்மா என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். அறைக் கதவைத் தட்டினாள்.

"இந்தாடி, வெளிய வா. வாத்தியாரம்மா வந்துகீது. உன்னக் கண்ணாரப் பாக்கட்டும்."

தாழ் விலகியது. வளையல் சத்தம் மெல்ல என் முன்னால் வந்து நின்றது. பச்சை வெட்டின வீடு என்று கார்டம்மா பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை, அந்தப் பெண்ணுக்குச் சித்திரையிலேயே சுகமாகப் பெண் குழந்தை பிறந்தது. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் யாருக்கும் தெரியாது. தாய்க்காரி பயந்துகொண்டே தன் பெண்ணை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். அவளால் கொடுக்க முடிந்த மன்னிப்பு அது.

"நல்லா பாரும்மா" என்றாள்.

எனக்குத் தலை நிமிரவில்லை. ஒரு வருஷம் பழகிய கழுத்து. வீங்கிய இரண்டு பாதம் தெரிந்தது. மெட்டி விரலில் இறுகியிருந்தது. இடது குதிகால் ஓரத்தில் ஊதாப்பூ ஒன்று மிதிபட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாத்துகினுதான் கீறேன் அக்கா" என்றேன்.

அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.